14 மாதமாக வராத துப்பாக்கி உரிமம்: கோப்பு எங்கே நிற்கிறது?

கேள்வி: வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். சத்தியமங்கலம் வட்டத்தில் அடகுக் கடை நடத்துகிறேன். வயது 46. இரவு கடையை மூடியதும் அன்றைய பணத்தையும் சில நகைகளையும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக்கில் வந்த இருவர் என்னை மறித்துப் பையைப் பிடுங்கப் பார்த்தார்கள். எதிரே லாரி வந்ததால் தப்பினேன். காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்தார்கள். பிறகு ரிவால்வர் உரிமம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். 14 மாதம் ஆகிறது. இன்ஸ்பெக்டர் விசாரித்தார், கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், அதன் பின் ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போனால் "ரிப்போர்ட் வரவில்லை" என்கிறார்கள். எந்த ரிப்போர்ட் என்று சொல்வதில்லை. வெளிமாநில முகவரி காட்டி இரண்டே மாதத்தில் உரிமம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அப்பா வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உரிமம் வரும் வரை அதையாவது எடுத்துச் செல்லலாமா? வழி சொல்லுங்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு ரிவால்வரைப் பற்றியது. நான் மட்டும், கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. இந்தப் பதிலில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள்.

உரிமம் தந்தையாரின் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் அது யாருக்கும் தானாக வந்து சேர்வதில்லை. நிலமும் நகையும் வாரிசுக்கு வருவது போலத் துப்பாக்கியின் உடைமை வரலாம். அதை வசம் வைத்திருக்கும் உரிமை வராது. அதற்கு வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும். ஆகவே சட்டத்தின் பார்வையில் இன்று உங்கள் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. அது இருப்பது உங்கள் வசம். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அதன் 25-ஆவது பிரிவின்படி இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை உண்டு, அபராதம் தனி. இரவில் அதை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு வாகனச் சோதனையில் மாட்டினால், பையில் இருக்கும் நகைக்குக் கணக்குக் காட்டுவது சுலபமாக இருக்கும், துப்பாக்கிக்குக் காட்ட முடியாது.

உரிமம் காலாவதியானாலோ வேறு காரணத்தால் வசம் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனாலோ, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-ஆவது பிரிவு. நான்கு ஆண்டு என்பதைத் தேவையற்ற தாமதம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்காகப் பயந்துகொண்டு இன்னும் மறைத்து வைப்பது நிலைமையை மோசமாக்கும். உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். தந்தையாரின் இறப்புச் சான்று, பழைய உரிமப் புத்தகம், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண், தோட்டா மீதமிருந்தால் அதன் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறிப்பிட்டு, ஒப்படைக்க விரும்புவதாக நிலைய அதிகாரிக்கு முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி நிலையத்துக்குள் கொண்டுபோகும் வேலை வேண்டாம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதி தேவை என்கிறது 39-ஆவது பிரிவு. மாவட்ட நடுவர் என்றால் ஆட்சியர். உங்கள் ரிவால்வர் விண்ணப்பம் யாருடைய மேசையில் இருக்கிறதோ, அவரேதான். தானாக முன்வந்து ஒப்படைத்தவர் என்ற பெயரோடு அவர் முன் நிற்பதும், சோதனையில் பிடிபட்டவர் என்ற பெயரோடு நிற்பதும் ஒன்றாகுமா?

உங்கள் ரிவால்வர் விண்ணப்பத்தின் நகலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தத் துப்பாக்கியைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? தந்தையாரின் உரிமம் அதே அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். புதுப்பிக்கப்படாத உரிமம், ஒப்படைக்கப்படாத துப்பாக்கி, அதே முகவரியிலிருந்து புதிய விண்ணப்பம் என்று மூன்றையும் ஒரு பிரிவு எழுத்தர் சேர்த்துப் பார்த்திருந்தால் கோப்பு அங்கேயே நின்றிருக்கும். நடந்திருக்கும் என்று சொல்லவில்லை, நடக்கக்கூடியது.

ஒப்படைத்த பிறகு அந்தத் துப்பாக்கிக்கு வாரிசு என்ற முறையில் நீங்கள் உரிமம் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் இதற்குத் தனியாக வழி வைத்திருக்கின்றன: உரிமதாரர் இறந்தால் சட்டப்பூர்வ வாரிசுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ அவர் பெயர் குறிப்பிடும் வாரிசுக்கு. உடன்பிறந்தவர்கள், அம்மா இருந்தால் அவர்களிடம் ஆட்சேபனையில்லைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் அது மூன்றாக இருந்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டுக்கும் விண்ணப்பித்தால் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள்.

இனி ரிவால்வருக்கு வருவோம்.

மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரி ஆட்சியர். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம் வந்ததும் அது காவல் துறைக்குப் போகிறது. உள்ளூர் நிலையம் விசாரிக்கும்; தனிப்பிரிவு தன் பங்குக்குக் குறிப்பு அனுப்பும்; துணைக் கண்காணிப்பாளர் வழியாக மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் போய், அவரிடமிருந்து ஆட்சியருக்கு அறிக்கை வரும். இன்னொரு பக்கம் வருவாய்த் துறையின் விசாரணை. கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து, ஒரு அனுப்புகைப் பதிவு. யாராவது இடமாற்றலானால் புதியவர் "மறுபடியும் விசாரித்து அனுப்பவும்" என்று எழுதிக் கீழே தள்ளுவதும் உண்டு. உங்களிடம் இன்ஸ்பெக்டர் வந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வந்ததும் இந்த இரண்டு ஏணிகளின் முதல் படிகள் மட்டுமே.

காலக்கெடு சட்டத்தில் இல்லாமல் இல்லை. காவல் அறிக்கை 30 நாட்களுக்குள் வர வேண்டும். அது வந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் உரிமம் வழங்கியோ மறுத்தோ எழுத்தில் ஆணையிட வேண்டும் என்கின்றன 2016 விதிகள். அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால், தக்கது என்று கருதினால் அதற்காக மேலும் காத்திராமல் ஆணையிடலாம் என்று சட்டத்தின் 13-ஆவது பிரிவே அதிகாரம் தருகிறது. "ரிப்போர்ட் வரவில்லை" என்பது 14 மாதத்துக்கான பதிலாக இருக்க முடியாது. ஆனால் அந்த "தக்கது என்று கருதினால்" என்ற சொற்களைப் பாருங்கள். காவல் துறை ஒன்றும் சொல்லாத ஒருவருக்குத் தன் பொறுப்பில் ரிவால்வர் கொடுக்க எந்த ஆட்சியரும் எளிதில் துணிய மாட்டார். நாளை ஏதாவது நடந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். இந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். காலக்கெடு கடந்தால் உரிமம் கிடைத்ததாகக் கருதப்படும் என்ற ஏற்பாடும் இந்தச் சட்டத்தில் இல்லை. கெடு தவறியது உங்களுக்குத் தருவது, பதில் கேட்கும் உரிமையை மட்டும்தான்.

எந்த ரிப்போர்ட் வரவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை என்கிறீர்கள். என் ஊகம், அது காவல் துறையினுடையது இல்லை. உங்கள் முகவரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் 34-ஆவது பிரிவின்படி, ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய படைக்கல உரிமம் எதுவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் வழங்க முடியாது. சத்தியமங்கலம் காடு 2008-இல் சரணாலயமானது, 2013-இல் புலிகள் காப்பகமானது. உங்கள் வட்டத்தில் பல ஊர்கள் இந்த 10 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நீங்கள் யானையைச் சுடக் கேட்கவில்லை, திருடனுக்குப் பயந்து கேட்கிறீர்கள் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. சட்டம் துப்பாக்கி எதற்கு என்று பார்க்கவில்லை, எங்கே என்று மட்டும் பார்க்கிறது. எனவே உங்கள் கோப்பு மாவட்ட வன அலுவலரிடம் போய், அவர் தூரத்தை அளந்து குறிப்பெழுதி, அங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். காவல் அறிக்கைக்கு 30 நாள் என்று கெடு வைத்த விதி, இந்த இசைவுக்கு அந்தக் கெடுவை வைக்கவில்லை. காட்டோர வட்டங்களில் விண்ணப்பித்தவர்கள் பலர் காவல் நிலையத்தையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கிறேன். கோப்போ வேறு துறையில் கிடக்கும்.

அது உண்மையா என்று தெரிந்துகொள்ளப் பத்து ரூபாய் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. அதில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. கேள்விகளை வடிவமைப்பதில்தான் திறமை இருக்கிறது. "எனக்கு ஏன் உரிமம் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் கேட்பது ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். "காவல் அறிக்கையின் நகல் வேண்டும்" என்று கேட்டால் ரகசியம் என்று மறுக்க வாய்ப்பு உண்டு. தேதிகளைக் கேளுங்கள். என் விண்ணப்பத்தின் நடப்புக் கணக்கு எண் (அதாவது அலுவலகக் கோப்பு எண்) என்ன, எந்தெந்த அலுவலகங்களுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எவற்றிலிருந்து எந்தத் தேதியில் அறிக்கை பெறப்பட்டது, பெறப்படாதவற்றுக்கு எந்தத் தேதிகளில் நினைவூட்டு அனுப்பப்பட்டது, வனத்துறையின் இசைவு தேவை என்று கருதப்பட்டுள்ளதா, இன்று கோப்பு எந்தப் பிரிவில் உள்ளது. தேதியை ரகசியம் என்று யாரும் சொல்ல முடியாது. 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. பல நேரங்களில் இந்த மனு போய்ச் சேர்ந்ததுமே, பதில் எழுதுவதற்காகவாவது யாரோ கோப்பைத் தேடி எடுப்பார்கள். பாதி வேலை அதிலேயே நடந்துவிடும்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த மனு இரண்டு நாள் கழித்து "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு அதே பிரிவுக்கே வந்து சேரும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அது பின்னால் நீதிமன்றத்தில் பயன்படும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கோப்பு நகர்ந்து ஆட்சியர் முன் போகும்போது அதில் என்ன இருக்கும் என்பதையும் யோசியுங்கள். தாமதத்தைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். உள்ளே இருக்கும் தாள் வலுவாக இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை. அமெரிக்காவில் போன்ற உரிமை எதையும் நம் அரசியலமைப்பு யாருக்கும் தரவில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கியோ, குறிபார்த்துச் சுடும் சங்க உறுப்பினருக்குப் பாயிண்ட் 22 ரைபிளோ கேட்பவருக்குச் சட்டம் கொஞ்சம் இளகுகிறது. ரிவால்வர் கேட்பவர் "தக்க காரணம்" உண்டு என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். 2016 விதிகளின் 12-ஆவது விதி அந்தக் காரணம் எப்படி இருக்கலாம் என்று சொல்கிறது: தொழிலின் தன்மையாலேயே உயிரையோ சொத்தையோ காத்துக்கொள்ளும் உண்மையான தேவை உள்ளவர்.

இந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நிலையத்திலிருந்து வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் "மனுதாரருக்கு உடனடி அச்சுறுத்தல் ஏதும் இல்லை" என்று ஒரு வாய்பாட்டு வரி இருக்கும். விதி கேட்பது உடனடி அச்சுறுத்தலை இல்லை. தொழில் சார்ந்த உண்மையான தேவையை. அதைக் காட்டும் ஆவணங்கள் உங்கள் விண்ணப்பத்தோடு இருக்கின்றனவா? 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டப்படி பெற்ற உங்கள் தொழில் உரிமம், வருமான வரிக் கணக்கு, அடகுப் பதிவேட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு மதிப்புள்ள நகை கைவசம் இருக்கிறது என்பதற்கான கணக்கு, கடையிலிருந்து வீட்டுக்கான பாதையின் வரைபடம், விளக்கில்லாத பகுதியின் புகைப்படம் ஆகியவற்றைச் சேருங்கள். வழிமறித்த சம்பவத்துக்கு மனு ஏற்பு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது உங்களுக்குப் பாதகம். அது பதிவேட்டில் ஒரு மனு. குற்ற வழக்கு இல்லை. கொள்ளை முயற்சி கைது செய்யத்தக்க குற்றம், அதற்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம், அதன் பிறகு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்பதால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். இருந்தாலும் ரசீதின் நகலோடு கேட்டு வைப்பது நல்லது.

துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும், உடல், மன நலம் பற்றிய மருத்துவச் சான்றும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பயிற்சிச் சான்று இல்லாமல் போன விண்ணப்பங்கள் சில, "குறை உள்ளது" என்று விண்ணப்பதாரருக்கு எழுதக்கூட யாரும் இல்லாமல் அப்படியே தூங்கும்.

விடுபட்ட ஆவணங்களை ஒரு விளக்கக் கடிதத்தோடு, உங்கள் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு கோரிக்கை போதும்: 13-ஆவது பிரிவின்படி என் விண்ணப்பத்தின் மீது எழுத்தில் ஆணை பிறப்பிக்கக் கோருகிறேன். உரிமம் கொடுங்கள் என்று கெஞ்சவும் வேண்டாம், கெடு தவறிவிட்டது என்று சாடவும் வேண்டாம்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் பயப்படலாம். ஒரு வழக்கறிஞராகச் சொல்கிறேன், பதிலே இல்லாமல் கிடப்பதைவிட மறுப்பு ஆணை மேல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலன் கருதித் தவிர்க்க வேண்டிய நிலை இருந்தாலொழிய, அந்தக் காரணத்தின் சுருக்கத்தைத் தர வேண்டும். போதிய சொத்து இல்லை என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. காரணம் கையில் வந்துவிட்டால் 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்கு மேல் போகவிடாதீர்கள். மௌனத்தின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது.

மௌனத்துக்கு இருக்கும் ஒரே மருந்து உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி, விண்ணப்பத்தின் மீது குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க ஆட்சியருக்கு உத்தரவிடக் கோரிச் செயலுறுத்தும் நீதிப்பேராணை மனு போடலாம். ஈரோடு மாவட்டம் என்பதால் நீங்கள் சென்னைக்குத்தான் வர வேண்டும், மதுரைக் கிளைக்கு இல்லை. இத்தகைய மனுக்களில் நீதிமன்றம் வழக்கமாக, இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து ஆணையிடுக என்று சொல்லும். உரிமம் கொடு என்று சொல்லாது. வனத்துறை இசைவு நிலுவையில் இருப்பது தகவல் உரிமை மனுவில் தெரியவந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். அவரைச் சேர்க்காமல் வாங்கும் உத்தரவு ஆட்சியரின் மேசையில் மறுபடியும் "இசைவு வரவில்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். தகவல் உரிமைப் பதில் வந்து, ஆட்சியருக்கு எழுதிய கடிதத்துக்கும் இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் போடுங்கள். அதற்கு முன் அவசரப்பட்டால் கையில் தேதிகள் இல்லாமல் நிற்பீர்கள்.

வெளிமாநில உரிமம் வாங்கித் தருவதாகச் சொன்னவரின் தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள். குடியிருக்காத ஊரில் குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிப் பெறும் உரிமம் பிறந்த நாளிலிருந்தே செல்லாதது. ஜம்மு காஷ்மீரில் 2012-க்கும் 2016-க்கும் இடையே தகுதியற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்களைப் பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. மாவட்ட நடுவர்களாக இருந்த அதிகாரிகளே அதில் சிக்கினார்கள். இப்போது ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. எங்கே, யார், எந்த முகவரிக்குக் கொடுத்தார்கள் என்பது ஒரு பொத்தானில் தெரியும். பணத்தையும் இழந்து, மேலே சொன்ன அதே 25-ஆவது பிரிவில் வந்து நிற்பீர்கள்.

உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன என்பதை உங்கள் கடிதம் யோசிக்கவில்லை, நான் யோசிக்கிறேன். உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதில் குறித்த எல்லைக்குள் மட்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ரிவால்வரை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து ஆள் வரும். அதே மாதங்களில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை ஆவணம் கேட்கும். ஆக, உங்கள் பணம் மிகவும் கவனிக்கப்படும் நாட்களில் துப்பாக்கி உங்களிடம் இருக்காது. திருமணத்திலோ திருவிழாவிலோ யாராவது வற்புறுத்தி வானத்தை நோக்கிச் சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

சுடும் உரிமை பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. வழிமறித்துக் கொள்ளையடிப்பவனுக்கு எதிராக அந்த உரிமை உயிரிழப்பை ஏற்படுத்தும் அளவுக்கும் நீளும். ஆனால் பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் கதை மாறிவிடும். உங்கள் உயிருக்கோ உடலுக்கோ அப்போது ஆபத்து இருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். இருட்டில், பைக்கில் அமர்ந்தபடி, மூன்று நொடியில் எடுக்கும் முடிவை மூன்று ஆண்டு விசாரணை உட்கார்ந்து அலசும். அந்த லாரி வந்த இரவில் இடுப்பில் ரிவால்வர் இருந்திருந்தால் எடுத்திருக்க நேரம் இருந்திருக்குமா, எடுத்திருந்தால் அது யார் கைக்குப் போயிருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பது உங்கள் உரிமை, தொடருங்கள்.

ஆனால் அது வரும் வரை, வந்த பிறகும், நகை ஏன் தினமும் இரவில் தோட்டத்துக்குப் போக வேண்டும்? அடகு நகை உங்களுடையது இல்லை, வாடிக்கையாளருடையது. கடையிலேயே தளத்தில் பதித்த பெட்டகம், வங்கியில் லாக்கர், நகை வணிகர்களுக்கென்று இருக்கும் காப்பீடு ஆகிய மூன்றையும் விசாரியுங்கள். மாலை வங்கி மூடுவதற்குள் ரொக்கத்தைச் செலுத்த முடியாத நாளில் மட்டும் பணம் உங்களோடு வரட்டும்; அதுவும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தனியாக வேண்டாம். ஊராட்சிக்கு அந்த இரண்டு கிலோமீட்டருக்குத் தெருவிளக்குக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். அதன் நகலையும் உரிமக் கோப்பில் சேர்க்கலாம். உங்கள் தேவை உண்மையானது என்பதற்கு அதுவும் ஓர் ஆவணம்.

முதலில் அப்பாவின் துப்பாக்கி. பிறகு தகவல் உரிமை மனு. பதில் வந்ததும் அதன் நகலை அனுப்புங்கள், நீதிப்பேராணை தேவையா என்று அப்போது பார்ப்போம்.